எரியும் ஊரும் காவலற்ற வீடும்

“எரிகிற வீட்டிற் பிடுங்கியது ஆதாயம்” என்பது தமிழ்மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இதனை வீட்டுக்காரன் சொன்னால் ஒரு பொருள். அயலான் சொன்னால் மற்றொரு பொருள். வீட்டுக்காரனுக்கு அது தீயின் வாயிலிருந்து தன் உடைமையிற் கைக்கெட்டியதை மீட்டுக்கொண்ட ஆறுதல். அயலானுக்கோ அது பிறன் துன்பத்திற் கிடைத்த கொள்ளை. ஒரே தொடர் இருவர் வாயிலும் பொருந்துவதிலிருந்தே ஓர் உண்மை புலனாகும். ஊர் பற்றியெரியும் வேளையில் மனிதர் தீக்கு அஞ்சும் அளவுக்குக் கள்வருக்கும் அஞ்சுகின்றனர். வீட்டைப் பூட்டிவிட்டு ஓடுவதா, காவலிருந்து மடிவதா என்னும் வினா, நகரங்கள் எரிந்த காலத்திலும் எழுந்தது. காடுகளை அடுத்த ஊர்கள் எரியும் இக்காலத்திலும் எழுகிறது. அவ்வச்சத்தில் எவ்வளவு மெய், எவ்வளவு மயக்கம், அதனால் விளைந்தவை யாவை என்பவற்றை நேயர்கள் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் பயனுடையது.

முதலில் இலண்டன் மாநகரத்தைக் காண்போம். 1666 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 2 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில், புடிங் ஒழுங்கையிலிருந்த தோமஸ் பாரினர் என்பவரின் வெதுப்பகத்திலே தீ மூண்டது. நீண்ட வறட்சியால் உலர்ந்திருந்த மரவீடுகளும் கீழ்க்காற்றும் அதற்குத் துணைசெய்தன. நான்கு நாட்களில் 13,200 வீடுகளும் 87 கோவிற்பற்று ஆலயங்களும் புனித பவுல் பேராலயமும் அழிந்தன.

அந்நாளில் மக்கள் செய்தது யாது என்பதற்குக் கடற்படை அலுவலகத்திற் பணிபுரிந்த சாமுவேல் பீப்சு என்பவரின் நாட்குறிப்பு சிறந்த சான்றாகும். தீயை அணைப்பதைக் காட்டிலும் பண்டங்களை அகற்றுவதிலேயே எல்லாரும் முனைந்து நின்றதை அவர் கண்டார். ஆற்றங்கரையில் வாழ்ந்தோர் தட்டுமுட்டுகளைப் படகுகளிலே எறிந்தனர். சில சிலிங்குக் கூலிக்கு வந்த வண்டிக்காரர் இப்போது பல பவுண் கேட்டனர். கூலி நாற்பது பவுண் வரை ஏறியது என்பர். ஏற்றிய பண்டத்துடன் சென்ற சுமைகாரர் திரும்பி வாராமற் போனதும் உண்டு. சட்டப்படி அது களவு. வண்டிக்காரன் கேட்ட கூலியோ சட்டத்தின் கைக்கு எட்டாத கொள்ளை.

பீப்சும் இவ்வச்சத்துக்கு விலக்கானவர் அல்லர். திங்கட்கிழமை அதிகாலை நான்கு மணியளவில், இரவுடையுடனேயே வண்டியில் ஏறி, தம் பணத்தையும் வெள்ளிப் பாத்திரங்களையும் பெத்னல் கிறீன் என்னும் புறநகரிலிருந்த நண்பர் வீட்டுக்குக் கொண்டுசென்றார். மறுநாள் தோட்டத்திற் குழிதோண்டித் திராட்சை மதுவையும் இத்தாலியப் பாற்கட்டியையும் புதைத்துவைத்தார். பின்னர் 2,350 பவுண் பெறுமதியான பொன்னை வுலிச்சு என்னும் ஊருக்கு எடுத்துச்சென்று பூட்டிவைத்தார். தம் மனைவியோ எழுத்தரோ இருவரில் ஒருவர் இரவும் பகலும் அவ்வறையை விட்டு நீங்கலாகாதெனக் கட்டளையும் இட்டார். ஈற்றில் அவருடைய வீடு எரியவில்லை. ஆயினும் அவர் செய்த ஏற்பாடு அறிவுடையதே. தீ அணுகுமுன்னரே இன்றியமையாதவற்றைப் பிரித்தெடுத்தார், அவற்றைத் தொலைவுக்கு அனுப்பினார், நம்பிக்கைக்குரியோரைக் காவல்வைத்தார்.

இவ்வாறு செய்யும் வசதி எல்லார்க்கும் வாய்க்கவில்லை. புத்தக வணிகர் தம் நூல்களையெல்லாம் புனித பவுல் பேராலயத்தின் அடியிலிருந்த நிலவறையிலே குவித்துக் கதவையடைத்தனர். கற்சுவரைத் தீ தீண்டாதென்றும், தேவாலயத்துட் கள்வன் புகான் என்றும் அவர்கள் நம்பினர். கள்வன் புகவில்லை, தீ புகுந்தது. அந்நூல்கள் பல நாட்கள் எரிந்துகொண்டிருந்தன.

கள்வரைப் பற்றிய அச்சம் அந்நகரில் இன்னொரு வடிவமும் எடுத்தது. இங்கிலாந்து அக்காலத்தில் ஒல்லாந்தருடனும் பிரெஞ்சுக்காரருடனும் போர்புரிந்துகொண்டிருந்தது. ஆகவே, தீயை இட்டவர் அயல்நாட்டாரே என்ற வதந்தி தீயினும் விரைந்து பரவியது. தெருவிலே பிறமொழி பேசியோர் தாக்கப்பட்டனர். அவர்தம் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. புதன்கிழமை இரவு, மூர்பீல்ட்சு வெளியிலே தங்கியிருந்த அகதிகளிடையே, ஐம்பதினாயிரம் பகைவர் கொள்ளையிடவும் கொலைசெய்யவும் வருகின்றனர் என்ற பேச்சு எழுந்தது. வந்தவர் ஒருவருமிலர். தீயை அணைக்கவேண்டிய காவற்படையினர் அப்பாவிகளைக் கும்பலின் கையிலிருந்து மீட்பதிற் பொழுதைச் செலவிட நேர்ந்தது. இரண்டாம் சார்ள்சு மன்னர் தாமே அவ்வெளிக்குச் சென்று, இது சதியன்று என மக்களுக்கு எடுத்துரைத்தார்.

ஆயினும், றொபேட் ஊபேர் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர், தாமே தீயிட்டதாகக் கூறிய வாக்குமூலத்தின்மேல் அவ்வாண்டு ஒக்டோபரிலே தூக்கிலிடப்பட்டார். தீ மூண்டு இரண்டு நாட்களின் பின்னரே அவர் இலண்டனில் இறங்கினார் என்பது பின்னர் தெளிவாயிற்று. அரசு செய்த நற்செயலும் உண்டு. ஆலயங்களையும் பாடசாலைகளையும் திறந்து மக்களின் பண்டங்களுக்கு இடமளிக்குமாறு அரசர் ஆணையிட்டார். தீயின்போது கவரப்பட்ட பொருள்களை ஒப்படைக்குமாறும் பிரகடனம் வெளியாயிற்று.

இனி, இருநூற்று நாற்பது ஆண்டுகள் கடந்து, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிசுக்கோ நகருக்குச் செல்வோம். 1906 ஆம் ஆண்டு ஏப்பிரல் 18 ஆம் திகதி, காலை 5 மணி 12 நிமிடத்துக்கு நிலம் நடுங்கிற்று. அதைத் தொடர்ந்து மூண்ட தீ மூன்று நாட்களுக்கு மேல் நின்றெரிந்தது. நீர்க்குழாய்கள் உடைந்தமையால் அணைக்கத் தண்ணீரில்லை. தீயணைக்கும் படையின் தலைவரோ நிலநடுக்கத்தில் நேர்ந்த காயத்தாற் செயலிழந்து, சில நாட்களில் மாண்டார். ஏறக்குறைய 28,000 கட்டடங்கள் அழிந்தன. நான்கு இலட்சம் மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர்.

அன்றே நகர முதல்வர் இயூசின் சிமிற்சு ஓர் அறிவித்தலை அச்சிட்டுத் தெருத்தோறும் ஒட்டுவித்தார். சூறையாடுவோரையும் வேறு குற்றம் புரிவோரையும் கண்டவிடத்திற் கொல்லும்படி படையினருக்கும் பொலிசாருக்கும் தாம் அதிகாரம் அளித்திருப்பதாக அதிற் கூறினார். அத்தகைய அதிகாரத்தை எந்தச் சட்டமும் அவருக்கு அளிக்கவில்லை. இராணுவச் சட்டமும் அந்நகரிற் பிரகடனப்படுத்தப்படவில்லை. ஆயினும் தளபதி பிரெடெரிக் பன்சுடனின் கீழ் இருந்த படைவீரர் துப்பாக்கியுடன் தெருக்களில் நின்றனர். அவர்களுடன் தொண்டராக ஆயுதமேந்திய குடிமக்களும் சேர்ந்தனர்.

விளைவு யாது? இடிந்த தம் வீட்டிலே தம் பொருளைத் தேடியவனுக்கும், பிறன் பொருளைத் தேடியவனுக்கும் வேறுபாடு காண்பது துப்பாக்கி ஏந்தியவனுக்கு அரிதாயிற்று. செஞ்சிலுவைச் சங்கப் பணியில் ஈடுபட்டு மோட்டார் வண்டியிற் சென்ற மதிப்புக்குரிய குடிமகன் ஒருவரே காவற்குழுவினராற் சுடப்பட்டு இறந்தார். மொத்தம் எத்தனை பேர் இவ்வாறு மாண்டனர் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே உடன்பாடில்லை. காவலர் சிலரே கடைகளிற் புகுந்து பொருள் எடுத்தனர் என்ற குற்றச்சாட்டும் அந்நாட்களிலேயே எழுந்தது.

இதனினும் துயரமானது சீனர் குடியிருப்பின் கதை. அப்பகுதி முற்றும் எரிந்தது. அங்கு வாழ்ந்த சீனர் ஒரு முகாமிலிருந்து மற்றொரு முகாமுக்கு அலைக்கழிக்கப்பட்டனர். தம் மனைகளைப் பார்க்க வரவும் அவர்களுக்குத் தடையிருந்தது. ஆனால் நினைவுப்பொருள் தேடிவந்த நன்குடுத்த கனவான்களும் சீமாட்டிகளும் சாம்பலைக் கிளறிப் பீங்கானும் வெண்கலமும் எடுத்துச்சென்றனர். காவல்புரிய வந்த படையினர் சிலரும் அவ்வாறே செய்தனர் எனச் சீன அரசின் பிரதிநிதிகள் முறையிட்டனர். கொள்ளைக்காரனைக் கொல்லும் ஆணை சுவரில் ஒட்டப்பட்டிருந்த நகரிலேயே, பட்டப்பகலிற் கொள்ளை நடந்தது. எடுத்தவர் தோற்றம் கள்வர் தோற்றமாக இல்லாமையால் ஒருவரும் அதனைக் கொள்ளையெனக் கருதவில்லை. சீனரை நகரின் ஓரத்துக்கு அகற்றும் திட்டமும் எழுந்தது. அவர்கள் அதனை எதிர்த்துப் பழைய இடத்திலேயே தம் குடியிருப்பை மீண்டும் எழுப்பினர்.

அச்சத்தை அறிவாக மாற்றியவரும் அங்கு இருந்தனர். இத்தாலிய வங்கி என்னும் சிறு வங்கியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கியிருந்த அமதேயோ யனினி, ஏறக்குறைய 80,000 டொலர் பெறுமதியான நாணயங்களைத் தோடம்பழப் பெட்டிகளின் கீழ் மறைத்து, மரக்கறி வண்டியிலேற்றி, இரவோடிரவாகப் பதினேழு மைல் தொலைவிலிருந்த தம் வீட்டுக்குக் கொண்டுசென்றார். ஏனைய வங்கிகளின் இரும்பறைகள் கள்வருக்கு அசையாது நின்றன. ஆனால் அவை சூடாறுமுன் திறந்தாற் காற்றுப் புகுந்து உள்ளேயுள்ள தாள்கள் பற்றியெரியும். ஆகையால் அவற்றின் உரிமையாளரே நாட்கணக்கில் அவற்றைத் திறக்கவியலாது காத்திருந்தனர். யனினியோ துறைமுக மேடையில் இரண்டு பீப்பாய்களின் மேற் பலகையிட்டுக் கடன் வழங்கத் தொடங்கினார். அவ்வங்கியே பின்னாளிற் பெயர் மாறி அமெரிக்க வங்கி என உலகறிய நின்றது.

மற்றொன்றும் கருதத்தக்கது. மக்களைப் படையினர் வலிந்து வெளியேற்றியமையால், காப்பாற்றியிருக்கக்கூடிய வீடுகள் பல ஆளின்றி எரிந்தன என்பது அந்நகரத்தார் பலரின் குறை. நாணயசாலையிலும் தலைமை அஞ்சலகத்திலும் ஊழியர் வெளியேறாது நின்றனர். அஞ்சலக ஊழியர் நனைத்த கடிதச் சாக்குகளால் அடித்தே தீயை அணைத்தனர். அவ்விரு கட்டடங்களும் பிழைத்தன. ஆயின், கருங்கற் கட்டடத்திற் பயின்ற பணியாளர் கூட்டமாக நிற்பது வேறு. மரவீட்டிலே தனியொருவன் நிற்பது வேறு. இவ்வேறுபாட்டை மறந்தோர் பலர் பிற்காலத்தில் உயிரிழந்தனர்.

அப்பிற்காலம் காட்டுத்தீயின் காலமாகும். நகரங்கள் கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டு, நீர்க்குழாயும் தீயணைக்கும் படையும் பெற்றபின், முழுநகரும் எரிவது அரிதாயிற்று. ஆனால் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் மக்கள் காடுகளின் ஓரத்தில் ஊரமைத்து வாழத் தொடங்கியமையால் பழைய வினா புதிய இடத்தில் எழுந்தது. அவுஸ்திரேலியாவில், ஆயத்தம் செய்து வீட்டைக் காத்துநில், அன்றேல் முன்கூட்டியே வெளியேறு என்பது நெடுநாளாக உபதேசமாயிருந்தது. பறந்துவரும் தணலே பெரும்பாலான வீடுகளைப் பற்றவைக்கிறது, அதனை ஆளிருந்து அணைக்கலாம் என்பது அதன் அடிப்படை. 2009 ஆம் ஆண்டு பெப்ரவரி 7 ஆம் திகதி, கறுப்புச் சனிக்கிழமை எனப் பெயர்பெற்ற நாளில், விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் மாண்டனர். அவர்களில் 113 பேர் வீடுகளுக்குள்ளேயே இறந்தனர் என அரச ஆணைக்குழு கண்டது. அதன்பின், முன்கூட்டி வெளியேறுவதே முதல் நெறி என்பது வலியுறுத்தப்பட்டது.

வெளியேறத் தயங்குவோரை வினவிய ஆய்வுகளில் அவர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று, வீட்டைக் கள்வர் உடைப்பர் என்பதாகும். அவ்வச்சத்துக்கு எவ்வளவு அடிப்படை உண்டு? 1963 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அனர்த்த ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் நிறுவனர்களான என்றிக்கோ குவரந்தெல்லி, இரசல் டைன்சு முதலியோர் அனர்த்தம் நிகழ்ந்த ஊர்களுக்கு நேரிற் சென்று ஆராய்ந்தனர். சூறையாடல் பற்றிய பேச்சு எங்கும் மிகுதி; நிகழ்ந்த சூறையாடலோ குறைவு என்பதே அவர்கள் கண்ட முடிவு. கலகங்களிற் கொள்ளை வெளிப்படையாகவும் கூட்டமாகவும் நிகழும். அவ்வூராரே அதில் ஈடுபடுவர். இயற்கை அனர்த்தத்திலோ அது மறைவாக, தனியொருவரால், பெரும்பாலும் வெளியூராராற் செய்யப்படும். அவ்வூர் மக்கள் அதனை வெறுப்பர். விதிவிலக்கு இல்லாமலில்லை. 1989 இற் பெரும்புயல் தாக்கிய செயின்ற் குறோய் தீவிற் கூட்டங்கூட்டமாகக் கடைகள் கொள்ளையிடப்பட்டதை அவ்வாராய்ச்சியாளரே பதிவுசெய்தனர். ஆகவே களவு இல்லையென்பது அன்று அவர்கள் முடிவு. களவினும் களவச்சம் பெரிது என்பதே.

அண்மைக் காலத்துக் காவல்முறை இவ்வுண்மைக்கு ஓரளவு இணங்கியது. 2016 ஆம் ஆண்டு மே 3 ஆம் திகதி கனடாவின் போட் மக்மறி நகரிலிருந்து ஏறக்குறைய 88,000 பேர் வெளியேற்றப்பட்டனர். அரச பொலிசார் வெறுமையான தெருக்களிற் சுற்றுக்காவல் புரிந்தனர். மக்கள் பகுதி பகுதியாக ஜூன் முதலாம் திகதியிலிருந்து திரும்பினர். தப்பிய வீடுகள் பலவற்றில் அவர்களை எதிர்கொண்டது கள்வனின் சுவடன்று. மின்சாரமின்றிக் கிடந்த குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதமாக அழுகிய உணவின் நாற்றமே.

2025 ஆம் ஆண்டு ஜனவரி 7 ஆம் திகதி கலிபோர்னியாவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் மூண்ட இரண்டு பெருந்தீக்கள் 16,000 இற்கு மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. ஆளில்லாத பகுதிகளில் மாலை ஆறு மணிமுதற் காலை ஆறு மணிவரை ஊரடங்கு விதிக்கப்பட்டது. தேசியக் காவற்படையினர் சந்திகளிற் சாவடியமைத்தனர். களவு உண்மையாகவே நிகழ்ந்தது. தீயணைப்போர் போல உடையணிந்து புகுந்தவரும் பிடிபட்டனர். ஆயினும் 1906 இன் சுவரொட்டி மீண்டும் ஒட்டப்படவில்லை. பிடிபட்டோர் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். நெருக்கடிநிலையிற் செய்யும் களவைச் சூறையாடல் என்னும் தனிக்குற்றமாகக் கொண்டு தண்டிக்க அம்மாநிலச் சட்டத்தில் இடமுண்டு. அக்காலத்தில் வாடகையையும் பண்டவிலையையும் அளவுகடந்து உயர்த்துவதும் அங்கே குற்றமாகும். இலண்டன் வண்டிக்காரனுக்கு எட்டாத சட்டம், மூன்றரை நூற்றாண்டின் பின் அவன் வழித்தோன்றலை எட்டியது எனலாம்.

சாவடிக்கும் ஒரு விலையுண்டு. கள்வனைத் தடுக்கும் கயிறு உரிமையாளனையும் தடுக்கிறது. கறுப்புச் சனிக்கிழமையின் பின் சாலைத்தடைகள் நெகிழ்வின்றி இயங்கின என்ற முறைப்பாட்டை விக்டோரியா ஆணைக்குழு கேட்டது. உறவினரைத் தேடுவோரும், கால்நடைக்கு நீர்வைக்க விரும்புவோரும் நாட்கணக்கில் வெளியே நின்றனர். திரும்பச் செல்லும் வழி தெரியாதவன் அடுத்த முறை வெளியேறத் தயங்குவான். ஆகையால், எவர் எப்போது எவ்வாறு தம் வீட்டைப் பார்க்கலாம் என்பதை முன்னரே அறிவிப்பதும் காவலின் ஒரு பகுதியேயாகும்.

ஈற்றாக, கலிபோர்னியத் தீயணைப்புத் திணைக்களம் வெளியேறுவோர்க்கு வழங்கும் அறிவுரையொன்று சிந்தனைக்குரியது. சன்னல்களையும் கதவுகளையும் சாத்துக, ஆனாற் பூட்டற்க. விளக்குகளை எரியவிட்டுச் செல்க. புகைமூட்டத்தினிடையே தீயணைப்போர் வீட்டைக் கண்டறியவும், வேண்டின் உட்புகுந்து அதனைக் காக்கவும் இவை உதவும். வீட்டைப் பூட்டி விளக்கணைத்துச் செல்வதையே தலைமுறை தலைமுறையாகப் பழகிய மனிதனுக்கு இவ்வறிவுரை எளிதன்று. பூட்டினாற் கள்வனுக்குத் தடை. பூட்டாவிட்டாற் காப்பவனுக்கு வழி. இரண்டில் எது பெரிது என்பதை அவன் ஒரு கணத்தில் தீர்மானிக்கவேண்டும்.

அக்கணத்தில் அவனுக்குத் துணைநிற்பது பூட்டின் வலிமையன்று. முக்கிய பத்திரங்களையும் மருந்துகளையும் நிழற்படங்களையும் முன்னரே ஒரு பையிற் சேர்த்து வைத்திருந்தானாயின் அவன் மனம் வீட்டிலே தங்காது. தெருவின் முனையிற் காவல் நிற்கிறது, அக்காவல் தன்னையும் அயலானையும் ஒரே முறையில் நடத்தும் என்று அவன் நம்பக்கூடுமாயின் அவன் கால் தயங்காது. இலண்டனில் அயல்மொழியாரும், சான் பிரான்சிசுக்கோவிற் சீனரும் அந்நம்பிக்கையைப் பெறவில்லை. எல்லார்க்கும் ஒன்றான காவலை ஆயத்தமாக வைத்திருக்கும் ஊரிலேதான், தீ வரும் நாளில் மக்கள் கதவைத் திறந்துவிட்டு, உயிரைக் கையிற்கொண்டு, காலத்தில் வெளியேறுவர்.